மெல்லிய மடிக்கணினியும் மதிய வெயிலும்

பால்மரக் காட்டில் பாடுபட்ட பெரியவர்களுக்கு இதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்தியும் வாளியுமாக விடியுமுன்னே நிரைக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு வெட்டினால் பால் குறைவாகத்தான் வடியும். அது மரத்தின் குற்றமும் அல்ல, வெட்டுகிறவரின் குற்றமும் அல்ல. குளிர்ந்த நேரத்தில் மரத்தின் உள்ளே நீரின் அழுத்தம் மிகுந்திருக்கும். அதனால் பால் தாராளமாக ஓடும். இன்று நாம் பேச வந்தது மரத்தைப் பற்றி அல்ல, பிள்ளைகள் கேட்கும் மடிக்கணினியைப் பற்றி. ஆனாலும் காலைக்கும் மதியத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் நினைவில் இருக்கட்டும்.

கிள்ளானுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் அக்காள், சென்ற ஆண்டு மகனை அழைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். பையன் கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறான். சீட்டுப் பணத்தையும் சேமிப்பையும் போட்டு, 5,000 வெள்ளிக்கு மேல் கொடுத்து அவனுக்கு ஒரு மடிக்கணினி வாங்கியிருந்தார்கள். ‘கேமிங் லேப்டாப்’ என்கிறார்களே, அந்த வகை. ஆனால் ஒரு விரல் தடிமன்கூட இல்லாத மெல்லியது. அதில் வேலையைத் தொடங்கினால் முதல் பத்து நிமிடம் பறக்கும், பிறகு படம் விட்டுவிட்டு ஓடும். ‘ராத்திரி பகலாக விளையாடிக் கெடுத்துவிட்டான்’ என்று அப்பா திட்ட, பையன் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டுவிட்டானாம். ஒரு கடையில் வைரஸ் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டார்கள். இன்னொரு கடையில் தாய்ப்பலகையே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். ‘தம்பி, நீயாவது என்னவென்று பார்’ என்று அக்காள் அதை மேசைமேல் வைத்தார்.

நாங்கள் செய்தது பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை. மழை பெய்து ஓய்ந்த விடியற்காலையில் சன்னல் ஓரம் வைத்து ஓடவிட்டோம். வெகுநேரம் நன்றாகவே ஓடியது. அதே வேலையை மதியம் இரண்டு மணிக்கு, அதே மேசையில் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் திணறியது. பிறகு குளிர்சாதனம் போட்ட அறைக்குள் கொண்டு போனோம். மறுபடியும் சுறுசுறுப்பு வந்துவிட்டது. வைரஸுக்கு வெயில் தெரியுமா? தாய்ப்பலகை கெட்டிருந்தால் குளிர்ந்த அறையில் மட்டும் குணமாகுமா? அது வெப்பத்தின் வேலை என்பது அப்போதே விளங்கிவிட்டது.

கணினியின் உள்ளே கணக்குப் போடுகிற சில்லு ஒன்று, படம் வரைகிற சில்லு ஒன்று என்று இரண்டு முக்கியமான சில்லுகள் உண்டு. இவை உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகவே வெளியேறுகிறது. கணக்குச் சில்லுக்கு 45 வாட், படச் சில்லுக்கு 100 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய குண்டு விளக்குகளில் ஒரு 100 வாட் விளக்கையும் ஒரு 40 வாட் விளக்கையும் சேர்த்து எரித்தால் வரும் சூடு அது. விளக்காவது காற்றில் தொங்கியது. இங்கே அதே சூட்டை, 2 சென்டிமீட்டர் உயரம்கூட இல்லாத ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறோம்.

அந்தச் சூட்டை வெளியேற்றும் ஏற்பாடு அழகானது. சில்லின் தலைமேல் செப்புக் குழாய் ஒன்று தட்டையாகப் படிந்திருக்கும். அதன் உள்ளே காற்று நீக்கப்பட்டு, மிகக் கொஞ்சம் நீர் அடைக்கப்பட்டிருக்கும். காற்றழுத்தம் இல்லாத இடத்தில் நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் அல்லவா? சில்லின் பக்கம் நீர் ஆவியாகிறது. ஆவி குழாயின் மறுமுனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து மீண்டும் நீராகிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல், குழாயின் உட்சுவர் அந்த நீரைத் திரும்பவும் சில்லின் பக்கம் இழுத்து வருகிறது. அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் 1963-இல் செய்து காட்டிய முறை இது. மறுமுனையில் மீன் செவுள்போல் நெருக்கமான மெல்லிய தகடுகள் இருக்கின்றன. ஒரு சிறு காற்றாடி அவற்றின் ஊடே காற்றை ஊதிச் சூட்டை வெளியே தள்ளுகிறது.

தொல்லை இந்தக் கடைசி இடத்தில்தான். பெட்டி மெல்லியதாக ஆக ஆகக் காற்றாடியின் இறகும் குட்டையாகிறது, தகடுகளின் பரப்பும் சுருங்குகிறது. காற்று வருகிற வாசல் குறுகிவிடுகிறது. ஆகவே அதே அளவு காற்றைத் தள்ள, காற்றாடி இன்னும் வேகமாகச் சுற்றிக் கத்த வேண்டியிருக்கிறது. ஏசூஸ் நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த ‘செஃபிரஸ்’ என்ற மெல்லிய கணினியில், மூடியைத் திறந்தால் அடிப்பாகம் தானே சற்று விரிந்து காற்றுக்கு வழிவிடும். அவ்வளவு பாடுபட்டால்தான் 18 மில்லிமீட்டருக்குள் அந்தச் சூட்டைச் சமாளிக்க முடிந்தது.

சூடு வெளியேறும் வேகத்தைவிடச் சேரும் வேகம் அதிகமானால் என்ன ஆகும்? சில்லு தன் வெப்பநிலையைத் தானே அளந்துகொண்டிருக்கும். இன்டெல் சில்லுகள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி செல்சியஸ். மற்றவற்றுக்கு இந்த எல்லை சற்று மாறுபடும். அந்த எல்லையைத் தொட்டதும் சில்லு எரிந்து போவதில்லை. தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மலை ஏறுகிற லாரிக்காரர் இயந்திரம் கொதிக்கிறது என்று கண்டு, மிதியைத் தளர்த்தி மெல்லப் போகிறாரே, அதே விவேகம். ஆங்கிலத்தில் இதைத் ‘த்ராட்லிங்’ என்பார்கள். பையனின் படம் விட்டுவிட்டு ஓடியது இதனால்தான்.

‘இவ்வளவு சூடு பட்டால் சில்லு கெட்டுப் போகாதா?’ என்று கேட்பீர்கள். இன்டெல் நிறுவனம் 1972-இல் பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. அதே காலத்தில் பாயான் லெப்பாஸிலும் சுங்கைவேயிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. சில்லுகளைச் சூட்டு அடுப்பில் வைத்து ஓடவிட்டு, தேறாதவற்றைக் கழிக்கும் சோதனை அந்தத் தொழிலில் உண்டு. அப்படிப்பட்ட ஆலைகளில் வேலை பார்த்த அத்தைமார் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சில்லு சூட்டைத் தாங்கும். தாங்காதது மின்கலம்; அதற்குப் பிறகு வருவோம்.

இப்போது நம் ஊர் வெயிலுக்கு வருவோம். குளிர்நாட்டிலோ, குளிரூட்டிய கூடத்திலோ 22 டிகிரியில் ஒரு கணினியைச் சோதித்து, ‘அபாரம்’ என்று எழுதிவிடுகிறார்கள். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பகல் வெப்பம் சாதாரணமாகவே 32, 33 டிகிரி. காற்றாடி எவ்வளவு சுற்றினாலும் அது உள்ளே ஊதுவது அறைக் காற்றைத்தான். 100 டிகிரிக்கும் 22-க்கும் இடைவெளி 78. 100-க்கும் 33-க்கும் இடைவெளி 67. சூடு வெளியேறுவது இந்த இடைவெளியைப் பொறுத்தது. கணக்குப் பார்த்தால், அதே கணினி நம் வீட்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சூட்டைக் குறைவாகத்தான் வெளியேற்ற முடியும். தகரக் கூரை போட்ட வீட்டில், மதியத்தில் இன்னும் மோசம். பல நிறுவனங்கள் தங்கள் கணினிக்கு 35 டிகிரி வரைதான் ஏற்ற இடம் என்று கையேட்டிலேயே எழுதி வைத்திருக்கின்றன. யார் படிக்கிறோம்?

இது நம் வீட்டு ஏழைக் கணினிக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். 2018 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் விலை உயர்ந்த ஒரு மேக்புக்கை வெளியிட்டது. நீண்ட நேரம் வேலை கொடுத்தால், சொன்ன அடிப்படை வேகத்துக்கும் கீழே அது இறங்குகிறது என்று சோதித்தவர்கள் காட்டினார்கள். அதே மாதத்திலேயே, வெப்பத்தை நிர்வகிக்கும் மென்பொருளில் ஒரு குறை இருந்ததென்று ஒப்புக்கொண்டு, ஆப்பிள் மன்னிப்புக் கேட்டுத் திருத்தம் வெளியிட்டது. சாமானியன் சொன்னால் ‘நீ கெடுத்துவிட்டாய்’ என்பார்கள். உலகம் சொன்னால் திருத்தம் வருகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு இதில்தான் காரியம் இருக்கிறது. படச் சில்லு செய்கிற என்விடியா நிறுவனம் 2017-இல் ‘மேக்ஸ்-கியூ’ என்ற முறையை அறிவித்தது. சில்லுக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் குறைத்து, அதனால் பெட்டியையும் மெல்லியதாக்கும் வழி அது. நல்ல வழிதான். ஆனால் ஒரே பெயர் எழுதிய சில்லு ஒரு கணினியில் ஒரு வேகம், இன்னொன்றில் வேறு வேகம் என்று ஆகிவிட்டது. எடுத்துக்காட்டாக, மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4060 என்ற சில்லை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெயர் ஒன்றுதான். 2021 முதல் இந்த வாட் கணக்கை வெளிப்படையாகச் சொல்லும்படி என்விடியா கணினி நிறுவனங்களிடம் கேட்டிருக்கிறது. ஆகவே புக்கிட் பிந்தாங்கில் லோயாட் பிளாசாவுக்குப் போனாலும் சரி, கிள்ளானில் தெரிந்த கடைக்குப் போனாலும் சரி, ‘இந்தப் படச் சில்லுக்கு எத்தனை வாட்?’ என்று கேளுங்கள். கடைக்காரர் திருதிருவென்று விழித்தால், நிறுவனத்தின் விவரப் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெல்லியதற்குக் கூடுதல் விலை கொடுத்து, தடித்த மலிவான கணினியைவிட மெதுவாக ஓடுவதை வாங்கி வருகிறவர்கள் உண்டு. பையில் போட்டுக்கொண்டு தினமும் ரயில் ஏறுகிறவனுக்கு மெலிவு தேவைதான். வீட்டு மேசையை விட்டு நகராத கணினிக்கு எதற்கு மெலிவு? அந்தக் காசுக்கு மேசைக் கணினியே வாங்கலாம். இடம் தாராளமாக இருப்பதால் அது குளிர்ச்சியாகவும் ஓடும். கட்டுரை எழுதவும் பாடம் கேட்கவும் மட்டும் என்றால், தனிப் படச் சில்லே வேண்டாம் என்பது நம் கருத்து.

ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால்? முதலில் செய்ய வேண்டாதவற்றைச் சொல்லிவிடுகிறோம். ஈரத்துணியை அடியில் விரிக்க வேண்டாம், பனிக்கட்டிப் பையை வைக்க வேண்டாம். நம் உடம்பு வியர்வையால் குளிர்கிறது; கணினிக்கு வியர்வை கிடையாது. குளிர்ந்த பரப்பில் நம் ஊர்க் காற்றின் ஈரம் நீராகப் படிந்து உள்ளே இறங்கினால், அப்போது தாய்ப்பலகை உண்மையாகவே போய்விடும். தலையணை, மெத்தை, மடி இவற்றின்மேல் வைத்து ஓட்டவும் வேண்டாம். காற்று புகும் வாசல் பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது.

பின்பக்கத்தை அரை அங்குலம் தூக்கி வைத்தாலே காற்று நன்றாகப் புகும். சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, பஞ்சு, பூனை முடி எல்லாம் சேர்ந்து அந்தச் செவுள் தகடுகளில் கம்பளிபோல் அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். சில்லுக்கும் செப்புக்கும் நடுவே பூசிய பசை சில ஆண்டுகளில் காய்ந்துபோகும், அதையும் மாற்றலாம். உத்தரவாதக் காலம் முடியாமல் திருகாணியில் கை வைக்காதீர்கள். நிறுவனத்தின் சேவை நிலையத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

செலவே இல்லாத வழி ஒன்றும் உண்டு. பலருக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கணினியை நாமாகவே கொஞ்சம் மெதுவாக ஓட்டுவதுதான் அது. சில்லு வேகமாக ஓட ஓட மின்னழுத்தமும் கூட வேண்டியிருக்கிறது. சூடோ, வேகத்தோடும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து பெருகுகிறது. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், சூடு நான்கில் ஒரு பங்குக்கு மேலேயே குறைந்துவிடும். கணினியில் ‘டர்போ’ என்றும் ‘பேலன்ஸ்டு’ என்றும் நிலைகள் இருக்கும். மதியத்தில் பின்னதைப் போடுங்கள். விளையாட்டில் வினாடிக்கு 60 படம் போதும் என்று எல்லை வைத்துவிடலாம். கண்ணுக்கு அதிகம் தெரியாது, காற்றாடிச் சத்தம் மட்டும் அடங்கும்.

மின்கலத்தைப் பற்றிச் சொல்கிறோம் என்றோம். லித்தியம் மின்கலம் சூட்டிலும், எப்போதும் முழுதாக நிரம்பியிருக்கும் நிலையிலும் சீக்கிரம் மூப்படைகிறது. மின்சாரத்தில் செருகியபடியே ஓட்டுகிறவர்கள், 80 விழுக்காட்டோடு நிரப்புவதை நிறுத்தும் வசதி பல கணினிகளில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம். அடிப்பாகம் உப்பியிருந்தால், தொடுபலகை மேலே எழும்பியிருந்தால், அன்றோடு நிறுத்திவிடுங்கள். உப்பிய மின்கலம் தீப்பிடிக்கக் கூடியது. குத்தவோ அமுக்கவோ கூடாது. சேவை நிலையத்துக்கே கொண்டு போக வேண்டும்.

எங்கள் அக்காள் வீட்டுக் கணினிக்குப் புதுத் தாய்ப்பலகை வாங்கவில்லை. சேவை நிலையத்தில் தூசி எடுத்தார்கள். பையனின் அப்பாவே செம்பனைப் பெட்டிப் பலகையில் இரண்டு கட்டை சீவி, அதன் பின்பக்கத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார். படத்தைக் கோத்து முடிக்கும் கனமான வேலையைப் பையன் இப்போது விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஓடவிடுகிறான். தாத்தா பால்வெட்டுக்கு எழுந்த அதே நேரம் என்று அக்காள் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தார்.