லெப்டொப் கொதிக்கிறதா? புதிது வாங்குமுன் இதைப் பாருங்கள்

கடையில் பில் போடும் லெப்டொப் பற்றி வியாபார நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "பகலானால் பேன் இரைகிறது, கைவைக்க முடியாத சூடு. புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?" விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்த பின்னர், பழைய இயந்திரங்களில் லினக்ஸ் போட்டவர்களும் இதையே கேட்கிறார்கள். அவர்களுக்குக் காசு செலவில்லாத வழியொன்று இருக்கிறது.

புரொசசர் எடுக்கும் மின்சாரம் வேகத்தோடு மட்டும் கூடுவதில்லை, வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடுகிறது. வேகம் ஏற வோல்டேஜும் ஏற வேண்டும். எனவே கடைசியாகக் கிடைக்கும் கொஞ்ச வேகத்துக்குத்தான் நாம் அதிக விலை கொடுக்கிறோம். இன்டெல் ஐ5-7200யூ புரொசசரை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை வேகம் 2.5 கிகாஹேர்ட்ஸ், 'டர்போ' வேகம் 3.1. டர்போவை நிறுத்தினால் போவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகம். வோல்டேஜும் அதேயளவு இறங்கினால் 0.8 ஐ மூன்று தடவை பெருக்குங்கள். விடை 0.51. செலவு பாதி! நடைமுறையில் வோல்டேஜ் அவ்வளவுக்கு இறங்காமல் போகலாம். ஆனாலும் இலாபம் நம் பக்கம்தான். பில் போடவும் ஈமெயில் பார்க்கவும் 3.1 எதற்கு?

உபுண்டு 22.04 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு என்றால், செட்டிங்ஸில் 'பவர்' பகுதிக்குப் போய் 'பவர் சேவர்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். பலருக்கு அதுவே போதும். டர்போவை முற்றாக நிறுத்த 'டிஎல்பி' என்ற இலவச மென்பொருள் உண்டு. சார்ஜரில் ஓடும்போது ஒரு விதமாகவும் பற்றரியில் வேறு விதமாகவும் அதில் அமைக்கலாம். கடை லெப்டொப் எந்நேரமும் சார்ஜரிலேயே கிடப்பதால் சார்ஜருக்குரிய அமைப்பை மறக்க வேண்டாம். டிஎல்பியையும் உபுண்டுவின் சொந்த பவர் ஏற்பாட்டையும் ஒன்றாக ஓட விடாதீர்கள். ஒரு கடைக்கு இரண்டு முகாமையாளர்கள் இருப்பது போலாகிவிடும்.

'எல்எம்-சென்சர்ஸ்' போட்டு, மாற்றுமுன்னும் பின்னும் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வகைப் புரொசசர் 100 பாகையை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கையில் பில் இழுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புடைவைக் கடை, அரிசிக் கடைக்காரர்கள் முதலில் பேனில் அடைந்த தூசியைத் துப்புரவாக்க வேண்டும். காற்றுப் போக வழியில்லாவிட்டால் எந்த மென்பொருளாலும் பயனில்லை. அதன் பிறகும் சும்மா இருக்கும்போதே சூடேறினால், புரொசசருக்கு மேல் பூசிய பசை காய்ந்திருக்கலாம். திருத்துபவரிடம் அதைப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள்.