சுவரைத் தாண்டும் வைஃபை

திருப்பூர் வேலம்பாளையத்தில் ஒரு லைன் வீட்டில் உட்கார்ந்து, அப்பாவின் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். பக்கத்து வீடு, மாடி வீடு, எதிரே உள்ள பனியன் கம்பெனி என்று பெயர்கள் வரிசையாக வரும். அவர்கள் வைஃபையின் பெயர் உங்களுக்குத் தெரிந்தால், உங்கள் வீட்டு ரூட்டரின் பெயரும் அவர்களுக்குத் தெரியும்தானே கண்ணுகளா?

ரேடியோ அலை அப்படித்தான். 1895-ல் கொல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீஷ் சந்திர போஸ், கண்ணுக்குத் தெரியாத அலைகளைச் சுவர் தாண்டி அனுப்பி மணியடிக்க வைத்தார்; வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். வைஃபையும் அதே இனம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். செங்கல் சுவர் அதைக் கொஞ்சம் பலவீனமாக்கும், நிறுத்தாது. இரும்பும் தகரமும்தான் மறிக்கும். நிட்டிங் மெஷின்கள் நிறைந்த கம்பெனியில் ஒரு ரூட்டர் போதாமல், ஆபீஸ், கட்டிங், செக்கிங் என்று தனித்தனியே வைஃபை தரும் ஆக்சஸ் பாயிண்ட் மாட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே வாசலைப் பூட்டினால் வைஃபை பூட்டிக்கொள்ளாது. பூட்டாமல் விட்டால் என்ன ஆகும்?

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு, தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அதன் இணைய முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டில் போய் நின்றது. அவருடைய கணினிகளை எடுத்துப்போய் விசாரித்தார்கள். அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் வீட்டு வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். வெளியுலகுக்குத் தெரிவது ரூட்டரின் முகவரி மட்டும்தான். அதன் வழியே பேசுவது யார் என்று தெரியாது. 2009 தொடக்கத்தில் மும்பை போலீசார் தெருத்தெருவாகப் போய், பாஸ்வேர்டு இல்லாத வைஃபைகளைத் தேடினார்கள்.

சரி, ஏதோ ஒரு பாஸ்வேர்டு வைத்துவிட்டால் போதுமா? எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இங்கேதான் வருகிறது.

போன் ரூட்டரோடு சேரும்போது இரண்டும் சில செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். திருடன் அவற்றைப் பதிவுசெய்து கொண்டுபோய், தன் கணினியில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் ரூட்டருக்கு இது தெரியவே தெரியாது. அவன் வேகத்தைக் குறைக்கத்தான் 'டபிள்யூபிஏ 2' என்ற முறை, பாஸ்வேர்டையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4096 தடவை கலக்குகிறது. அப்படியும் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வினாடிக்கு 10 லட்சம் பாஸ்வேர்டுகளைப் பார்த்துவிடும்.

வெறும் 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்பு. 100 வினாடியில் முடிந்தது. மொபைல் எண்ணா? அது 6, 7, 8, 9-ல் ஒன்றில்தான் தொடங்கும். ஆக 400 கோடி வாய்ப்பு, ஒரு மணி நேரம் சொச்சம். பிறந்த தேதியா? நூறு ஆண்டுக்கும் சேர்த்தே சுமார் 36,500 தேதிகள்தான். அதைப் பாஸ்வேர்டு என்று சொல்வதே பாவம்!

இப்போது 2000 சொற்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஐந்து எடுங்கள். தவளை, நூல், செவ்வாய், குடை, புளியோதரை. 2000-ஐ ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள். அத்தனையையும் முயல அதே கார்டுக்குச் சுமார் 1000 ஆண்டுகள் வேண்டும். இந்த ஐந்தையே வைத்துவிடாதீர்கள், பத்திரிகையில் வந்துவிட்டது. குலுக்காமல் பிடித்த நடிகர், பிடித்த ஊர் என்று நீங்களே தேர்ந்தெடுத்தாலும் கணக்கு கெட்டுவிடும்.

கம்பெனிகளுக்கு இன்னொரு தலைவலி. குடோன் மூலையில் சிக்னல் வரவில்லை என்று யாராவது ஒரு மலிவு ரூட்டரை வாங்கி, பாஸ்வேர்டு இல்லாமல் கேபிளில் செருகிவிட்டால் போதும். மற்ற எல்லா ஆக்சஸ் பாயிண்டின் பூட்டும் வீண். துணி வாங்கும் பையர் இன்னும் கடைக்குக் கொண்டுபோகாத டிசைன் எல்லாம் கம்பெனிக் கணினிகளில்தானே இருக்கிறது! வந்துபோகிறவர்களுக்குத் தனி வைஃபை கொடுப்பதும் இதனால்தான்.

அடுத்த வீட்டு வைஃபையில் இந்தக் கணக்கைச் சோதிக்காதீர்கள். அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன்படி குற்றம். ஞாயிற்றுக்கிழமை பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உங்கள் ரூட்டரைப் பாருங்கள். அதற்கு இரண்டு பாஸ்வேர்டு உண்டு: ஒன்று வைஃபைக்கு, மற்றது செட்டிங்ஸைத் திறக்க. இரண்டாவது பல வீடுகளில் இன்னும் 'அட்மின்' என்றே இருக்கிறது. முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள்.