பெயரும் எண்ணும்: இல்ல இணையத்தில் முகவரி காணாச் சிக்கலும் தீர்வும்

முன்னுரை

பொருளுக்கும் அதன் பெயருக்கும் உள்ள தொடர்பைத் தமிழ் இலக்கண நூலார் நுணுகி ஆராய்ந்துள்ளனர். காரணம் பற்றி வழங்கும் பெயரைக் காரணப்பெயர் என்றும், காரணம் கருதாது முன்னோர் இட்டு வழங்கிய பெயரை இடுகுறிப்பெயர் என்றும் நன்னூலார் பகுத்துரைப்பர். இணைய உலகில் வழங்கும் பெயர்கள் யாவும் கணினியின் நோக்கில் இடுகுறிப்பெயர்களே. பெயரைக் கண்டு அதற்குரிய எண்ணை எவராலும் ஊகித்தறிய இயலாது. பதிவேட்டைப் பார்த்தே அறிதல் வேண்டும். அப்பதிவேட்டைப் பார்க்கும் பணி தடைப்படும்போது, இணைப்பு நலமாக இருந்தும் இணையமே இல்லாதது போன்ற தோற்றம் உண்டாகின்றது. இல்லங்களில் மடிக்கணினி பயன்படுத்துவோரை அடிக்கடி இடர்ப்படுத்தும் இச்சிக்கலின் தன்மையையும் தீர்வையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தலும், தேர்வுக் கட்டணம் செலுத்துதலும், வங்கிக் கணக்கைப் பார்த்தலும் இன்று இணையத்தின் வழியே நிகழ்கின்றன. விண்ணப்பத்தின் இறுதி நாளன்று மாலையில் தளம் திறக்கவில்லையெனில் மாணவர் படும் துயரம் சிறிதன்று. அதனினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. கணினி கெட்டுவிட்டது என்று கருதி, அதிலுள்ள அனைத்தையும் அழித்து ‘ஃபார்மட்’ செய்துவிடுவோர் உளர். பல ஆண்டு உழைப்பில் திரட்டிய ஆய்வேட்டுக் குறிப்புகள் அவ்வாறு அழிந்தால் மீள்வது அரிது. குற்றமோ பெரும்பாலும் கணினிக்கு வெளியே இருக்கின்றது; கணினிக்குள் இருப்பினும் சில நிமிடங்களில் தீரக்கூடியது. ஆகவே இதனை அறிந்துகொள்ளுதல் யாவர்க்கும் பயன் தரும்.

பெயர் ஏன்? எண் ஏன்?

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் எண்ணாலாகிய முகவரி உண்டு. இதனை ஐ.பி. முகவரி என்பர். பழைய முறையில் அது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களைக் கொண்டது. 192.168.1.1 என்பது ஓர் எடுத்துக்காட்டு. இம்முறையில் அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 429 கோடி. அவை போதாமையால் அதனினும் மிக நீண்ட முகவரிகளைக் கொண்ட புதிய முறையும் இப்போது உடன் வழங்குகின்றது.

கணினிக்கு எண் எளிது; மனிதர்க்குப் பெயர் எளிது. இவ்விரண்டையும் இணைக்கும் ஏற்பாட்டிற்கு டி.என்.எஸ். என்று பெயர். தமிழில் இதனைப் ‘பெயர் முறைமை’ எனலாம். தொலைபேசிக் கையேட்டில் பெயரைத் தேடி எண்ணைக் காண்பது போன்றதே இது. கையேடு கிடைக்காவிடினும் எண்ணை அறிந்தவர் பேசிவிட முடியும் என்பதை இங்கு நினைவிற்கொள்க. பின்னர்க் கூறப்படும் சோதனைக்கு இதுவே அடிப்படையாகும்.

வரலாறு

இணையத்தின் முன்னோடியாகிய அர்ப்பாநெட் அமெரிக்காவில் 1969 ஆம் ஆண்டு தொடங்கியது. அக்காலத்தில் கணினிகள் சிலவே இருந்தமையால் அவற்றின் பெயர்களையும் எண்களையும் ஒரே பட்டியலில் எழுதி வைத்தனர். கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் அப்பட்டியல் பேணப்பட்டது. மற்ற இடத்தார் அதனை அவ்வப்போது படியெடுத்துக்கொள்வர். கணினிகள் பெருகவே இம்முறை தாங்கவில்லை. 1983 இல் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிஞர், பட்டியலை ஓரிடத்தில் குவிக்காமல் உலகெங்கும் பகிர்ந்து வைக்கும் முறையை வகுத்தார். 1987 இல் திருத்தி வெளியிடப்பட்ட அதன் விதிகளே இன்றும் அடிப்படையாக விளங்குகின்றன. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியபோது இம்முறைமை நிலைபெற்றுவிட்டது. பின்னாளில் பிறமொழி எழுத்துகளிலும் பெயர்கள் வழங்க வழி பிறந்தது. ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ எனத் தமிழ் எழுத்திலேயே அமைந்த ஈறுகள் இன்று இம்முறைமையில் இடம்பெற்றுள்ளமை நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

பெயர் தேடப்படும் முறை

பல்கலைக்கழக மானியக் குழுவின் தளத்தைக் காண ‘யுஜிசி.கவ்.இன்’ என்று ஒருவர் தட்டச்சு செய்வதாகக் கொள்வோம். உலாவி முதலில் தன் நினைவையும், பின்னர் மடிக்கணினியின் நினைவையும் பார்க்கும். அண்மையில் தேடிய பெயராயின் எண் அங்கேயே கிடைக்கும். இல்லையேல் கேள்வி வீட்டிலுள்ள ரவுட்டருக்கோ, இணையச் சேவை தருவோரின் பெயர் வழங்கிக்கோ செல்லும்.

அவ்வழங்கிக்கும் விடை தெரியாவிடின் அது மேலிடத்தை வினவும். அரபு, உருது எழுத்துகளைப் படிப்பதுபோல் இப்பெயரை வலமிருந்து இடமாக அது படிக்கின்றது. முதலில் வேர் வழங்கியை அணுகி ‘இன்’ என்னும் ஈற்றுக்கு உரியவர் யாவர் என வினவும். அவரிடம் ‘கவ்.இன்’ பகுதிக்கு உரியவரையும், அவரிடம் ‘யுஜிசி’ என்பதற்கு உரியவரையும் கேட்டறிந்து, இறுதியில் எண்ணைப் பெற்றுத் தரும். வேர் வழங்கிகளுக்கு 13 பெயர்கள் உள்ளன; ஆயினும் அவற்றின் படிகள் ஆயிரத்திற்கும் மேலாக உலகெங்கும் இயங்குகின்றன. இவ்வளவும் நொடிப்பொழுதில் முடிந்துவிடுகின்றன. கிடைத்த விடை, குறித்த கால எல்லை வரை நினைவில் வைக்கப்படும்.

இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் தளம் திறவாது. எனவே எந்தக் கண்ணி அறுந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும், மருந்து பின்னரே.

குற்றம் எங்குள்ளது என அறிதல்

மூன்று சோதனைகள் இதற்குப் போதுமானவை.

முதற் சோதனை: அதே வைஃபையில் இணைந்த கைப்பேசியில் அத்தளத்தைத் திறந்து பார்க்க. கைப்பேசியின் மொபைல் டேட்டாவை முன்னதாக நிறுத்திவிடுதல் இன்றியமையாதது. இன்றேல் அது வேறு வழியாகச் சென்று நம்மை ஏமாற்றிவிடும். கைப்பேசியில் திறந்து மடிக்கணினியில் திறவாவிடின் குற்றம் பெரும்பாலும் மடிக்கணினியில் உள்ளது. இரண்டிலும் எத்தளமும் திறவாவிடின் ரவுட்டரிலோ சேவை தருவோரிடமோ உள்ளது. ஒரே ஒரு தளம் மட்டும் இரண்டிலும் திறவாவிடின் அத்தளத்தின் பக்கமே ஐயுறத்தக்கது.

இரண்டாம் சோதனை: விண்டோஸ் மடிக்கணினியில் ‘கமாண்ட் ப்ராம்ப்ட்’ என்னும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் ‘பிங்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு 8.8.8.8 என்ற எண்ணை இடுக. இது கூகுள் நிறுவனம் 2009 முதல் நடத்திவரும் பொதுப் பெயர் வழங்கியின் முகவரி. விடை வந்தால் இணைப்பு நலமாக உள்ளது. பெயர் தேடுவதில் குற்றம் இருக்கக்கூடும். விடை வாராவிடின் இணைப்பே அறுந்திருக்கக்கூடும். சில வலையமைப்புகள் இத்தகைய வினவலைத் தடுத்து வைத்திருப்பதுண்டாதலின், இதனை மட்டும் கொண்டு முடிவு கட்டலாகாது.

மூன்றாம் சோதனை: அதே சாளரத்தில் ‘என்எஸ்லுக்அப்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டி, இடைவெளி விட்டுத் தளத்தின் பெயரை இடுக. பின்னர் அதே கட்டளையின் இறுதியில் 8.8.8.8 என்பதையும் சேர்த்து மறுமுறை இடுக. முதலாவதில் விடையின்றி இரண்டாவதில் எண் கிடைத்தால், நீங்கள் வழக்கமாக வினவும் வழங்கி பழுதுற்றுள்ளது எனக் கொள்க. இரண்டிலும் எண் கிடைத்தும் உலாவியில் தளம் திறவாவிடின், கணினியின் பழைய நினைவோ, உலாவியோ, வி.பி.என். போன்ற இடைப்பட்ட மென்பொருளோ காரணமாகலாம். அத்தளமே இயங்காதிருக்கவும் கூடும். அப்பெயரே இல்லை என்று இரண்டும் கூறினால், எழுத்துப்பிழை உள்ளதா என்று பார்க்க. ஓர் எழுத்துப் பிறழினும் பெயர் வேறாகிவிடும்.

தீர்க்கும் முறைகள்

எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல் நன்று. ஒவ்வொரு படிக்குப் பின்னும் தளம் திறக்கின்றதா என்று பார்த்து மேற்செல்க.

1. மடிக்கணினியின் வைஃபையை நிறுத்தி மீண்டும் இணைக்க. பயன் இல்லையேல் ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் இயக்குக. அதன் பின்புறம் சிறு துளைக்குள் இருக்கும் ‘ரீசெட்’ பொத்தானை அழுத்தற்க. சேவை தருவோர் அமைத்த பயனர் பெயர், கடவுச்சொல் முதலியன யாவும் அதனால் அழிந்துவிடும்.

2. கணினி நினைவில் வைத்துள்ள பழைய விடைகளை நீக்குக. விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் அதனையொட்டி ‘ஃப்ளஷ்டிஎன்எஸ்’ என்பதும் ஆங்கில எழுத்தில் இடுக. இதனால் உங்கள் கோப்புகளுக்கு யாதொரு தீங்கும் நேராது. பழைய எண்களை மறந்து புதியனவற்றைக் கணினி கேட்டறியும்; அவ்வளவே. கட்டளையிடத் தயங்குவோர் மடிக்கணினியை ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ செய்தாலும் போதும்.

3. வி.பி.என். மென்பொருள் இயங்கினால் அதனை நிறுத்திப் பார்க்க. இன்றைய உலாவிகளில் பெயர் வினவலை மறைகுறியாக்கி அனுப்பும் அமைப்பும் உண்டு. ஓர் உலாவியில் திறவாத தளம் மற்றோர் உலாவியில் திறந்தால் முன்னதன் அமைப்பை ஆராய்க.

4. வலையமைப்பின் அமைப்புப் பக்கத்தில் டி.என்.எஸ். எண்கள் தாமாகப் பெறப்படுகின்றனவா, கையால் எழுதப்பட்டுள்ளனவா என்று காண்க. அலுவலகத்திலோ விடுதியிலோ என்றோ எழுதிய எண் இல்லத்தில் பயன்படாமல் தொல்லை தரும். அதனைத் தானியங்கு நிலைக்கு மாற்றுக.

5. சேவை தருவோரின் வழங்கி அடிக்கடி பழுதுறின், பொது வழங்கி ஒன்றை எழுதலாம். கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2018 இல் தொடங்கிய 1.1.1.1 என்பன அத்தகையன. நீங்கள் எந்தெந்தத் தளத்தைத் தேடுகிறீர்கள் என்பதை அந்நிறுவனத்தின் வழங்கி அறியும் என்பதையும் மறத்தலாகாது. கல்லூரிக்குள் மட்டும் வழங்கும் நூலகத் தளம் போன்றவற்றின் பெயர்களைப் பொது வழங்கி அறியாது. கல்லூரிக்கு வந்ததும் பழைய அமைப்புக்கு மாறவேண்டும்.

6. இவற்றால் தீராவிடின் சேவை தருவோரை அழைக்க. “இணையம் வேலை செய்யவில்லை” என்று பொதுப்படக் கூறாமல், “எண் கொண்டு அணுகினால் விடை வருகின்றது, உங்கள் பெயர் வழங்கி விடை தரவில்லை” என்று சோதனை முடிவைக் கூறுக. தெளிவான முறையீடு விரைவான தீர்வைத் தரும்.

தொலைவிலுள்ள குற்றம்

நம்மால் தீர்க்க இயலாத நிலையும் உண்டு. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. அந்நிறுவனத்தின் உள்வலை அறுபடவே, அதன் பெயர் வழங்கிகள் தம்மை அடையும் வழியை உலகுக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொண்டன. பெயருக்கு விடை கூற எவரும் இல்லாது போயினர். அன்று தம் மடிக்கணினியையும் ரவுட்டரையும் மாற்றி மாற்றி அமைத்தவர்க்குக் களைப்பே மிஞ்சியிருக்கும். இத்தகைய வேளையில் பொறுத்திருத்தலே தக்கது.

ஓர் எச்சரிக்கை

பெயருக்கு எண் கூறுபவரை நாம் முழுதும் நம்புகின்றோம். அவர் பொய் கூறின் வங்கியின் பெயரைத் தட்டிய நாம் வஞ்சகரின் வாயிலில் நிற்போம். இது வெறுங் கற்பனையன்று. ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்னும் தீய மென்பொருள் பல இலட்சம் கணினிகளில் புகுந்து, பெயர் வழங்கியின் எண்ணை மாற்றி, மக்களைத் திசைதிருப்பியது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை அக்கும்பலின் வழங்கிகளைக் கைப்பற்றியது. பாதிக்கப்பட்டோரின் இணையம் உடனே அறுபடாதிருக்கத் தற்காலிக வழங்கிகள் நிறுவப்பட்டன. அவை 2012 ஜூலை 9 அன்று நிறுத்தப்பட்டன.

ஆகவே நீங்கள் எழுதாத, அறியாத எண் அமைப்புப் பக்கத்தில் தென்பட்டால் ஐயுறுக. ரவுட்டருடன் வந்த பொதுவான கடவுச்சொல்லை மாற்றிவிடுக. தொலைபேசியில் அழைத்து “இந்த எண்ணை இடுங்கள், இணையம் விரைவாகும்” என்று கூறும் அறியாதவரின் சொல்லைக் கேளாதீர். வங்கித் தளத்தில் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கை தோன்றினால் அதனைக் கடந்து செல்லாதீர். வீட்டிலுள்ள முதியோர்க்கு இவற்றை எடுத்துரைப்பது இளையோரின் கடமையாகும்.

முடிவுரை

இணையம் நின்றது என்பது வேறு. பெயர் தெரியவில்லை என்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் பதற்றமின்றி மூன்று சோதனைகளால் குற்றத்தின் இடத்தை அறிவர். கைப்பேசியில் பார்த்தல், எண்ணால் அணுகுதல், வேறு வழங்கியை வினவுதல் என்பன அவை. இவற்றைச் செய்து முடிக்குமுன் கணினியிலுள்ள எதனையும் அழிக்க எவர் கூறினும் உடன்பட வேண்டா. விண்ணப்பத்தை இறுதி நாளுக்கு முன்பே அனுப்புதலும், ஆய்வுக் குறிப்புகளுக்கு வேறோரிடத்தில் படி வைத்தலும் இச்சோதனைகளினும் சிறந்த காப்பாகும். பெயர்களை ஆராய்வதில் நெடிய மரபுடைய மொழியைக் கற்கும் நம் மாணவர்கள், பெயரை எண்ணாக்கும் இக்கலையையும் அறிந்து, தம் இல்லத்தார்க்கும் அண்டை வீட்டார்க்கும் துணைநிற்பார்களாக.