கிரீன் கார்டுக்கு எத்தனை ஆண்டு? காத்திருப்பைக் கணக்கிடும் விதம்

அமெரிக்காவில் வேலையை முன்னிட்டு வழங்கப்படும் கிரீன் கார்டுகளுக்கு ஆண்டு வரம்பு உண்டு: 1,40,000. 1990-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் வைத்த வரம்பு இது. வீடுகளுக்குள் இணையம் வராத காலத்தில் போட்ட கணக்கு இன்றும் அப்படியே நிற்கிறது. இந்த எண்ணிக்கை ஊழியர்களுக்கு மட்டுமானதும் அல்ல. அவர்களுடைய கணவன் அல்லது மனைவி, 21 வயது நிரம்பாத மணமாகாத பிள்ளைகள் எல்லோருக்கும் இதிலிருந்துதான் கொடுத்தாக வேண்டும். பந்தியில் குழந்தைக்கும் தனி இலை போடுவதுபோல, நால்வர் உள்ள குடும்பம் நான்கு எண்களை எடுத்துக்கொள்ளும். வழங்கப்படும் கார்டுகளில் பாதிக்கு மேல் இப்படிக் குடும்பத்தாருக்கே போய்விடுகிறது.

மொத்தம் ஐந்து பிரிவுகள். தம் துறையில் உச்சத்தில் இருப்போர், பன்னாட்டு நிறுவனங்களின் மேலாளர்கள் முதலானோர் ஈபி-1. முதுநிலைப் பட்டமோ அதற்கு இணையான தகுதியோ கேட்கும் வேலைகள் ஈபி-2. இளநிலைப் பட்டம் போதும் என்கிற வேலைகளும் பயிற்சி பெற்ற தொழிலாளர் வேலைகளும் ஈபி-3. இம்மூன்றுக்கும் தலா 28.6 சதவீதம், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000. மீதியை மதப் பணியாளர் போன்ற சிறப்புப் பிரிவினருக்கான ஈபி-4, முதலீட்டாளருக்கான ஈபி-5 இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன.

இதன்மேல் இன்னொரு வரம்பு வந்து விழுகிறது. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் பெறக் கூடாது. இந்தியாவுக்கும் 7 சதவீதம், ஐஸ்லாந்துக்கும் 7 சதவீதம். ஈபி-2 பிரிவில் இந்தியாவுக்கு உறுதியாகக் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 2,800 எண்கள். எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் வருவோரில் பெரும்பகுதியினர் இந்தியர்கள். அந்த விசாவுக்கு நாட்டு வரம்பு கிடையாது, கிரீன் கார்டுக்கு உண்டு. அகலமான வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டுக் குறுகலான வாசலில் நிறுத்திவைத்ததன் விளைவுதான் இந்தத் தேக்கம்.

கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவது பிறந்த நாடு, இப்போதைய குடியுரிமை அல்ல. மதுரையில் பிறந்து கனடாக் குடியுரிமை பெற்றவர் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்திலோ பினாங்கிலோ பிறந்த தமிழர், அதே படிப்பும் அதே வேலையும் இருந்தாலும், நெரிசல் குறைந்த ‘பிற நாடுகள்’ வரிசையில் நிற்பார். இதில் ஒரு சலுகையும் இருக்கிறது. கணவன், மனைவி இருவரில் ஒருவர் பிறந்த நாட்டை மற்றவரும் பயன்படுத்திக்கொள்ளலாம். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் துபாயிலும் குவைத்திலும் பிறந்தவர்கள். அப்படி ஒருவரை மணந்தவருக்குப் பல பத்தாண்டுக் காத்திருப்பு ஓரிரு ஆண்டாகக் குறையக்கூடும். ஆகவே எந்தக் கணக்கையும் தொடங்கும் முன் பார்க்க வேண்டியது இருவருடைய பிறப்புச் சான்றிதழ்.

வரிசையில் ஒருவருடைய இடத்தைக் குறிப்பது பிரயாரிட்டி டேட். பெரும்பாலான ஈபி-2, ஈபி-3 விண்ணப்பங்களில் வேலை தரும் நிறுவனம் முதலில் தொழிலாளர் துறையிடம் ‘பெர்ம்’ சான்று கேட்க வேண்டும். இந்த வேலைக்குத் தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று காட்டுவதற்கான சான்று அது. அந்த மனு பதிவான நாளே பிரயாரிட்டி டேட். அடுத்து, அந்த நிறுவனம் ஊழியருக்காகப் போடும் ஐ-140 மனு. கடைசியில், முறை வரும்போது, அமெரிக்காவுக்குள் இருப்பவர் கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485-ஐத் தாக்கல் செய்வார். பெர்ம் பரிசீலனை அண்மை ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் இழுக்கிறது என்றாலும், அந்தத் தாமதத்தால் வரிசையில் இடம் பறிபோவதில்லை. இடத்தைப் பறிப்பது மனு போடுவதற்கு முன்னால் நிறுவனம் கழிக்கும் மாதங்கள்தான். ஐ-140 ஒருமுறை ஏற்கப்பட்டுவிட்டால், சில விதிவிலக்குகள் நீங்கலாக, வேலை மாறினாலும் பழைய தேதியைப் புதிய நிறுவனத்தின் மனுவுக்குக் கொண்டுபோக முடியும்.

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் விசா புல்லட்டின் வெளியிடுகிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் நாட்டுக்கும் நேரே ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு முந்தைய பிரயாரிட்டி டேட் உள்ளவர்களுக்கு விசா எண் கிடைக்கும். கட்டத்தில் ‘சி’ என்று இருந்தால் கரண்ட், யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ‘யு’ என்று இருந்தால் எண்கள் தீர்ந்துவிட்டன. 2015 அக்டோபரிலிருந்து இரண்டு அட்டவணைகள் வருகின்றன. ஒன்று கார்டு வழங்குவதற்கான இறுதித் தேதி, மற்றது விண்ணப்பத்தைத் தாக்கல் செய்வதற்கான தேதி. எந்த அட்டவணைப்படி ஐ-485 வாங்குவது என்பதைக் குடியேற்றச் சேவைத் துறை மாதாமாதம் அறிவிக்கும்.

இந்தத் தேதி நாட்காட்டியைப் போலச் சீராக நகர்வதில்லை. கையிலிருக்கும் எண்களையும் தயாராக உள்ள விண்ணப்பங்களையும் ஒப்பிட்டு, நிதியாண்டு முடிவான செப்டம்பர் 30-க்குள் எண்கள் வீணாகாமலும் வரம்பை மிஞ்சாமலும் தேதியை நகர்த்துகிறார்கள். விண்ணப்பங்கள் போதவில்லை என்றால் முன்னே தள்ளுவார்கள், குவிந்துவிட்டால் பின்னே இழுப்பார்கள். பின்னே இழுப்பதைத்தான் ரெட்ரோக்ரெஷன் என்கிறார்கள். 2021 இறுதியில் ஓய்வு பெறும்வரை நெடுங்காலம் வெளியுறவுத் துறையில் இந்தத் தேதிகளைத் தீர்மானித்து வந்தவர் சார்லஸ் ஓப்பன்ஹைம். அவர் வாய்மொழியாகச் சொல்லும் குறிப்புகளுக்காகவே ஆயிரக்கணக்கானோர் காத்திருப்பது வழக்கமாக இருந்தது.

2007 ஜூலையில் நடந்தது இந்த முறையின் இயல்பை நன்றாகக் காட்டும். அந்த மாதப் புல்லட்டினில் அநேகமாக எல்லா வேலைப் பிரிவுகளும் கரண்ட் என்று வந்தது. குடும்பங்கள் மருத்துவப் பரிசோதனை முடித்து, ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ்களை வரவழைத்து, வழக்கறிஞர் கட்டணமும் கட்டி ஆயத்தமாயின. ஜூலை 2 அன்று, எண்கள் தீர்ந்துவிட்டதால் விண்ணப்பம் வாங்க முடியாது என்று அறிவிப்பு வந்தது. காத்திருந்தவர்கள் கோபத்தைக் காட்டியது ‘லகே ரஹோ முன்னா பாய்’ படம் காட்டிய காந்திய வழியில். நூற்றுக்கணக்கான பூங்கொத்துகளைக் குடியேற்றச் சேவைத் துறையின் இயக்குநருக்கு அனுப்பினார்கள். அவர் அவற்றைக் காயமுற்ற படைவீரர்களுக்கான வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். ஜூலை 17 அன்று முடிவு மாறியது. ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்கள் வாங்கப்பட்டன.

காத்திருப்பைக் கணக்கிட முனைவோர் முதலில் செய்வது எளிய கழித்தல். 2025 அக்டோபர் புல்லட்டினில் இந்தியாவின் ஈபி-2 இறுதித் தேதி 2013 ஏப்ரல் 1. ஆகவே காத்திருப்பு பன்னிரண்டரை ஆண்டு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறான முடிவு. பன்னிரண்டரை ஆண்டு என்பது அந்த மாதம் வரிசையின் முன்னால் நின்றவர் காத்திருந்த காலம். இன்று கடைசியில் வந்து சேர்பவர் எவ்வளவு காத்திருப்பார் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அவருக்கு முன்னால் இருக்கும் கூட்டம் 2013-இல் சேர்ந்தவருக்கு முன்னால் இருந்த கூட்டத்தைவிட மிகப் பெரியது.

இரண்டாவது வழி, தேதி நகரும் வேகத்தைப் பார்ப்பது. 2024 அக்டோபரில் அதே தேதி 2012 ஜூலை 15. ஓராண்டில் எட்டரை மாதம் நகர்ந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் என்று பெருக்கிப் பார்ப்பதும் இயல்புதான். ஆனால் 2022 செப்டம்பரிலேயே அந்தத் தேதி 2014 டிசம்பர் 1-ஐத் தொட்டிருந்தது. அடுத்த மாதமே 2012 ஏப்ரல் 1-க்குப் போனது, பின்னர் 2011 ஜனவரி வரை சரிந்தது. மூன்றாண்டு கழித்தும் பழைய இடத்தை எட்டவில்லை. அதற்குப் பத்தாண்டு முன்னும் இதே கதைதான்: 2012 ஏப்ரலில் 2010 மே 1-இல் நின்ற தேதி, மறு மாதம் 2007 ஆகஸ்ட் 15-க்கு இறங்கியது. நெரிசல் குறைந்த ஆண்டைத் தேதி விரைவாகக் கடக்கும், நெரிசலான ஆண்டில் மாதக்கணக்கில் அசையாது. வேகத்தை மட்டும் நம்பிய கணிப்புகள் இப்படித்தான் திரும்பத் திரும்பப் பொய்த்திருக்கின்றன.

நம்பத்தகுந்த வழி வகுத்தல் கணக்கு. தனக்கு முன்னால் எத்தனை பேர், ஆண்டுக்கு எத்தனை எண்கள் என்ற இரண்டும் தெரிய வேண்டும். முதலாவதற்குக் குடியேற்றச் சேவைத் துறை வெளியிடும் புள்ளிவிவரம் உதவும். ஐ-140 ஏற்கப்பட்டு முறைக்காகக் காத்திருப்போரின் எண்ணிக்கை நாடு, பிரிவு, பிரயாரிட்டி டேட் வாரியாக அதில் கிடைக்கிறது. அந்த எண் மனுக்களின் எண், குடும்பத்தாரைச் சேர்த்தது அல்ல. எனவே ஏறத்தாழ இரண்டால் பெருக்க வேண்டும். மறுபுறம் கழிக்க வேண்டியவையும் உண்டு. ஒருவருக்கே இரண்டு நிறுவனங்கள் மனுச் செய்திருக்கலாம். 2020 அக்டோபரில் ஈபி-3 தாக்கல் தேதி 2015 ஜனவரி 1 வரை தாவியபோது, ஈபி-2 வரிசையில் இருந்த ஏராளமானோர் ஈபி-3-இலும் மனுப் போட்டு இரு வரிசைகளிலும் இடம் பிடித்தார்கள். ஊர் திரும்பியவர்கள், கனடா போனவர்கள், ஈபி-1-க்கு மாறியவர்கள், அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரை மணந்து வேறு வழியில் கார்டு பெற்றவர்கள் ஆகியோரின் பழைய மனுக்களும் எண்ணிக்கையில் கிடக்கும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஒருவருக்கு முன்னால் ஒரு லட்சம் மனுக்கள் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தோடு இரண்டு லட்சம் பேர். ஐந்தில் ஒரு பங்கு விலகிவிட்டால் 1,60,000. ஆண்டுக்கு 2,800 எண்கள் என்றால் 57 ஆண்டு. ஆண்டுக்குப் பத்தாயிரம் கிடைத்தால் 16 ஆண்டு. ஆள் கணக்கில் சிறு பிழை இருந்தால் விடை சில ஆண்டுகளே மாறும். எண் கணக்கு மாறினால் ஒருவருடைய வாழ்க்கையே மாறிவிடும். ஆகவே உற்றுப் பார்க்க வேண்டியது ஆண்டுதோறும் வரும் எண்களைத்தான்.

அவை மாறுவதற்குக் காரணம் மிச்சம் கைமாறுவது, பேச்சுவழக்கில் ஸ்பில் ஓவர். பிற நாட்டினர் ஒரு பிரிவில் எடுக்காமல் விட்டதை அதே பிரிவில் நெடுநாள் காத்திருப்போர், நாட்டு வரம்பைத் தாண்டியும், பெறலாம். ஈபி-4, ஈபி-5 மிச்சம் ஈபி-1-க்கு ஏறும். ஈபி-1 மிச்சம் ஈபி-2-க்கும், அதன் மிச்சம் ஈபி-3-க்கும் இறங்கும். குடும்ப உறவு வழி விசாக்களில் சென்ற ஆண்டு வழங்காமல் போனவையும் இந்த ஆண்டின் வேலைப் பிரிவுகளில் வந்து சேரும். கொரோனாவில் தூதரகங்கள் மூடப்பட்டபோது நடந்தது இதுவே. 2021 நிதியாண்டின் வரம்பு 2,62,288 ஆகவும், 2022-இன் வரம்பு 2,81,507 ஆகவும் உயர்ந்தன. 2022-இல் தேதி 2014 வரை ஓடியதற்குக் காரணம் அந்த வெள்ளம். 2021-இல் மட்டும் 60,000-க்கும் மேற்பட்ட எண்கள் உரிய காலத்தில் வழங்கப்படாமல் காலாவதியாயின. பத்தாண்டு காத்திருந்தவர்களின் கோப்புகள் மேசையில் இருக்கும்போதே அவை வீணானது மன்னிக்க முடியாத நிர்வாகத் தோல்வி. 2022 டிசம்பர் முதல் பிற நாட்டினரின் ஈபி-2 வரிசைக்கே கரண்ட் நிலை போய் இறுதித் தேதி வந்துவிட்டது. இந்தியாவுக்கு அந்தப் பக்கமிருந்து கசிந்துகொண்டிருந்த மிச்சமும் அதோடு நின்றது.

செய்திகளில் வரும் நூற்றாண்டுக் கணக்குகளும் இதே வகுத்தலின் விடைகள்தான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆய்வுச் சேவை 2020-இல் இந்திய ஈபி-2 வரிசையில் புதிதாகச் சேர்வோருக்குக் கண்ட காலம் 195 ஆண்டு. கேட்டோ ஆய்வு நிறுவனம் 2023-இல் புதிய இந்திய விண்ணப்பதாரர்களுக்குச் சொன்னது 134 ஆண்டு. யாரும் அவ்வளவு காலம் காத்திருக்கப் போவதில்லை. பலர் விலகுவார்கள், பலர் காத்திருப்பிலேயே இறந்துபோவார்கள். இப்போதுள்ள சட்டத்தில் இவர்களில் பெரும்பாலோருக்கு முறையே வராது என்பதுதான் இந்த எண்களின் உண்மைப் பொருள். நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் கீழவையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் மேலவை திருத்தங்களுடன் ஒரு வடிவத்தை ஏற்றது. இரண்டையும் இணைக்க நேரமின்றி அது காலாவதியானது. வரம்பை நீக்கினால் இந்தியரின் காத்திருப்பு குறைந்து பிற நாட்டினரின் காத்திருப்பு கூடும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். மொத்த எண்ணிக்கையைக் கூட்டாதவரை அந்த வாதத்திலும் உண்மை இருக்கிறது.

இடைக்காலத்தில் வாழ்வதற்குச் சட்டம் சில வழிகளைத் தந்திருக்கிறது. ஐ-140 ஏற்கப்பட்டிருந்தால் ஆறாண்டு வரம்பைத் தாண்டியும் எச்-1பி-யை மூன்று மூன்று ஆண்டாக நீட்டிக்கலாம். அத்தகையோரின் எச்-4 விசாவில் உள்ள துணைவருக்கு 2015 முதல் வேலை அனுமதி உண்டு. ஐ-485 தாக்கலாகி 180 நாள் ஆனபின், அதே வகை வேலைக்கு மாறலாம்.

பிள்ளைகளுக்குத்தான் நெருக்கடி. 21 வயது நிரம்பியவர் பெற்றோரின் மனுவிலிருந்து விழுந்துவிடுவார். மழலைப் பருவத்தில் வந்து அங்கேயே படித்து வளர்ந்தவர்கூட மாணவர் விசாவுக்கு மாற வேண்டும், இல்லையேல் நாட்டைவிட்டுப் போக வேண்டும். 2002-இல் வந்த சட்டம் ஒரு கழிவு தருகிறது: விசா எண் கிடைக்கும் நாளில் உள்ள வயதிலிருந்து ஐ-140 பரிசீலனையில் இருந்த காலத்தைக் கழிக்கலாம். பிள்ளைக்கு 21 வயது நான்கு மாதம், பரிசீலனை ஆறு மாதம் என்றால் சட்டப்படி வயது 20 ஆண்டு பத்து மாதம், தப்பித்துவிடும். கூடுதல் கட்டணம் கட்டிப் பதினைந்து வேலை நாளில் ஐ-140-ஐ முடித்தவருக்குக் கழிக்கக் கிடைப்பது மூன்று வாரமே. பெர்ம் பரிசீலனையும், தேதிக்காகக் காத்திருந்த ஆண்டுகளும் கழிவில் சேராது. 2023 பிப்ரவரியிலிருந்து தாக்கல் தேதியை வைத்தே வயதைக் கணக்கிட முடிந்தது. 2025 ஆகஸ்ட் 15 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு மீண்டும் இறுதித் தேதிதான். ஆகவே பிள்ளை உள்ள குடும்பம் புல்லட்டினில் கவனிக்க வேண்டியது முதல் அட்டவணை. அந்தத் தேதி தங்களை எட்டுமுன் பிள்ளைக்கு 21 ஆகிவிடும் என்று கணக்கு சொன்னால், கல்லூரியில் சேரும் வயதிலேயே அவருக்குத் தனி விசாவுக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.