இராஜாஜியின் தேர்தல், பொருளாதாரச் சீர்திருத்தக் கோரிக்கைகள்

இராஜாஜியின் தேர்தல், பொருளாதாரச் சீர்திருத்தக் கோரிக்கைகள் என்பன, சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரி (1878-1972) எதிர்க்கட்சித் தலைவராக இருந்த காலத்தில், சுதந்திராக் கட்சியின் வழியாகவும் தம் எழுத்துக்கள் வழியாகவும் முன்வைத்த கருத்துக்களைக் குறிக்கும். தொழில் தொடங்க அரசின் அனுமதி வேண்டும் என்ற முறையும், தேர்தலில் பணம் பெற்றிருந்த செல்வாக்கும் ஒன்றையொன்று வளர்ப்பவை. ஆகவே இரண்டையும் சேர்த்தே களையவேண்டும் என்பது இவற்றின் அடிப்படையாகும்.

பின்னணி

இராஜாஜி அன்றைய சேலம் மாவட்டத்தில் இருந்த தொரப்பள்ளியில் பிறந்தவர். இவ்வூர் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளது. சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்த இவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். 1925 இல் திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். 1997 இல் சேலம் மாவட்டத்திலிருந்து நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி அம்மாவட்டத்தில் அடங்கியது. சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, 1937 இல் மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்திலேயே இவர் நடைமுறைப்படுத்தினார்.

1952 இல் சென்னை மாநில முதலமைச்சரான இவர், அவ்வாண்டிலேயே உணவு தானியங்களின் மீதான கட்டுப்பாட்டை நீக்கினார். கட்டுப்பாடுகள் தட்டுப்பாட்டைப் போக்குவதில்லை என்ற இவரது பிற்காலக் கருத்துக்கு இது முன்னோடியாக அமைந்தது.

சுதந்திராக் கட்சி

1957 இல் இராஜாஜி காங்கிரசிலிருந்து விலகினார். 1959 சனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரசு மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. நிலம் உழவர் கையை விட்டுப் போய்விடும் என அஞ்சியவர்கள் இதனை எதிர்த்தனர். அவ்வாண்டு சூன் மாதத்தில் சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. என். ஜி. ரங்கா அதன் தலைவராகவும், மினு மசானி பொதுச்செயலாளராகவும் பொறுப்பேற்றனர். கட்சி 21 அடிப்படைக் கொள்கைகளை வகுத்துக்கொண்டது. அக்கொள்கைகளுக்கு அப்பாற்பட்ட எல்லாப் பொருள்களிலும் உறுப்பினர்கள் தம் விருப்பப்படி கருத்துக் கூறவும் வாக்களிக்கவும் உரிமை பெற்றிருந்தனர்.

பொருளாதாரக் கோரிக்கை

1951 ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, அட்டவணையில் கண்ட தொழில்களில் புதிய ஆலை நிறுவவும், இருப்பதைப் பெருமளவில் விரிவாக்கவும் நடுவண் அரசின் உரிமம் தேவைப்பட்டது. இறக்குமதிக்கும் தனி அனுமதி வேண்டியிருந்தது. இம்முறையை இராஜாஜி "பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்" என அழைத்தார். திறமையுள்ளவன் தொழிலில் செலவிடவேண்டிய முயற்சியை அரசு அலுவலக வாயிலில் செலவிடுகிறான் என்பதும், உரிமம் பெற்றவனுக்குப் போட்டி இல்லாமற் போகிறது என்பதும் இதற்கெதிரான வாதங்களாகும்.

எனினும் இராஜாஜி எல்லாக் கட்டுப்பாட்டையும் எதிர்த்தார் என்று கூறமுடியாது. முதலமைச்சராக இருந்தபோது, வேட்டி, சேலை நெசவைக் கைத்தறிக்கே ஒதுக்கவேண்டும் என்று இவர் நடுவண் அரசை வலியுறுத்தினார். சேலம் வட்டாரம் கைத்தறி நெசவாளர் மிகுந்த பகுதி என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

தேர்தல் கோரிக்கை

தேர்தலுக்காகும் பெருஞ்செலவே மக்களாட்சியைக் கெடுக்கிறது என்று இராஜாஜி எழுதினார். உரிமம் வழங்கும் அதிகாரம் ஆளுங்கட்சியிடம் இருக்கும்வரை, உரிமம் வேண்டுவோர் அக்கட்சிக்கு நன்கொடை அளிப்பர். அப்பணம் அடுத்த தேர்தலில் அக்கட்சியையே வெல்லச் செய்யும் என்பது இவர் வாதம். நிறுவனங்கள் கட்சிகளுக்கு நன்கொடை அளிப்பதை இவர் குறைகூறினார். தேர்தல் பொதுப்பணி ஆதலால், வேட்பாளர் மீது விழும் செலவுகளை இயன்றவரை அரசே ஏற்கவேண்டும் என்றும் கூறினார்.

எதிர்ப்பும் விமர்சனமும்

சுதந்திராக் கட்சி முன்னாள் அரசர்கள், பெருநிலக்கிழார்கள், தொழிலதிபர்கள் ஆகியோரின் கட்சி என்று காங்கிரசாரும் இடதுசாரிகளும் விமர்சித்தனர். தேர்தலில் பணத்தை எதிர்த்த இராஜாஜியின் கட்சியே நிறுவன நன்கொடைகளையும் பெற்றது. 1969 இல் நிறுவனங்களின் அரசியல் நன்கொடை சட்டத்தால் தடை செய்யப்பட்டபோது அக்கட்சியும் பாதிக்கப்பட்டது. அத்தடை 1985 இல் நீக்கப்பட்டது.

சேலம் வட்டாரத்திலிருந்தே நேர்மாறான கருத்தும் எழுந்தது. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தின் ப. சுப்பராயனின் மகனான மோகன் குமாரமங்கலம், 1971 முதல் 1973 வரை நடுவண் எஃகு, சுரங்கத்துறை அமைச்சராக இருந்து, நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையாவதற்கு முக்கிய காரணமாக இருந்தார். அரசு முதலீடு இன்றிப் பின்தங்கிய பகுதிகளில் பெருந்தொழில் வளராது என்பது இத்தரப்பினரின் வாதம். 1970 இல் அடிக்கல் நாட்டப்பட்ட சேலம் உருக்காலை அரசு முதலீட்டில் உருவானதேயாகும்.

தேர்தல் முடிவுகள்

மக்களவையில் சுதந்திராக் கட்சி 1962 இல் 18 இடங்களையும், 1967 இல் 44 இடங்களையும் பெற்றது. 1967 இல் தி.மு.க.வுடன் கூட்டணி அமைத்துத் தமிழகச் சட்டமன்றத்தில் 20 இடங்களில் வென்றது. 1971 இல் மக்களவையில் அதன் இடங்கள் 8 ஆகக் குறைந்தன. இராஜாஜி 1972 திசம்பர் 25 அன்று காலமானார். கட்சி 1974 இல் பாரதிய லோக் தளத்தில் இணைந்தது.

பிற்காலம்

1991 சூலை 24 இல் அறிவிக்கப்பட்ட புதிய தொழிற்கொள்கை, 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு உரிம முறையை நீக்கியது. இவ்வாறு பொருளாதாரக் கோரிக்கையின் பெரும்பகுதி, இராஜாஜி மறைந்து ஏறத்தாழ 19 ஆண்டுகளுக்குப் பின் காங்கிரசு ஆட்சியிலேயே நிறைவேறியது.

தேர்தல் கோரிக்கை அவ்வாறு நிறைவேறவில்லை. 1998 இல் இந்திரஜித் குப்தா குழு, அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு அரசு பணமாக அன்றிப் பொருளாகவும் வசதிகளாகவும் உதவலாம் என்று பரிந்துரைத்தது. வானொலி, தொலைக்காட்சியில் கட்சிகளுக்கு இலவச நேரம் ஒதுக்குவதும், வாக்காளர் விவரச் சீட்டைத் தேர்தல் அலுவலர்களே வழங்குவதும் நடைமுறைக்கு வந்தன. எனினும் வேட்பாளருக்கு உள்ள செலவு உச்சவரம்பு கட்சிகளின் செலவுக்கு இல்லை. கொடுப்பவர் பெயரை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று நீக்கியது. அரசிடம் பயன் எதிர்பார்த்து நன்கொடை அளிக்கப்படக்கூடும் என்று அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது. உரிம முறை நீங்கிய பின்னும், இராஜாஜி கூறிய இத்தொடர்பு முற்றிலும் அறுபடவில்லை என்பதை இது காட்டுகிறது.