வேப்பம்பட்டு மொட்டை மாடியிலிருந்து ஒரு ராக்கெட்

வேப்பம்பட்டிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்களுக்கும் ஏறக்குறைய அதே தூரம். ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டுக்கும் சூலூர்ப்பேட்டைக்கும் வண்டி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். நமக்கு மொட்டை மாடிக்குப் படியேறினால் போதும். ஆனால் எங்கே, எப்போது, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றால், கண்ணுக்கு அகப்படுவதற்குள் முடிந்துபோகும்.

முதலில் திசை. தண்டவாளம் இங்கே ஏறத்தாழ கிழக்கு மேற்காக ஓடுகிறது. சென்னை சென்ட்ரல் வலக்கைப் பக்கமும் திருவள்ளூர் இடக்கைப் பக்கமும் வருமாறு நின்றால் முகம் வடக்கே பார்க்கும். கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. வடக்கிலிருந்து வலப்பக்கம் இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் கூடுதலாகத் தள்ளினால் ஸ்ரீஹரிகோட்டா. இரவென்றால் துருவ நட்சத்திரம் வடக்கைக் காட்டும். ஆனால் நம் ஊரில் அது அடிவானத்துக்கு மேல் 13 பாகையில்தான் நிற்கும், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும்.

அடுத்து நேரம். இதற்கு விநாடி காட்டும் கடிகாரம் ஒன்று கட்டாயம் வேண்டும். மொபைல் நேரலையை நம்ப வேண்டாம். அது எப்போதும் பிந்தித்தான் வரும். இஸ்ரோ அறிவித்த நேரத்திலிருந்து நீங்களே எண்ணத் தொடங்குங்கள். முதல் அரை நிமிடம் ஒன்றும் தெரியாது. மரங்களையும் கட்டடங்களையும் அடிவானத்துப் புகைமூட்டத்தையும் தாண்டி ராக்கெட் மேலே வர அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறகு ஆரஞ்சு நிறச் சுடர் ஒன்று எழும்பும். கூடவே சத்தம் கேட்காது. 70 கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு மூன்றரை நிமிடம் வேண்டும். அதற்குள் ராக்கெட் 100 கிலோமீட்டர் உயரத்தைத் தாண்டியிருக்கும்.

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் எக்ஸ்.எல். வகையை எடுத்துக்கொள்வோம். 44 மீட்டர் உயரம், சுமார் 320 டன் எடை. முதல் கட்டத்தில் மட்டும் 138 டன் திட எரிபொருள். அதைச் சுற்றி ஆறு பக்க மோட்டார்கள். அவற்றில் நான்கு தரையிலேயே பற்றிக்கொள்ளும். மற்ற இரண்டும் 25ஆவது விநாடியில், பறக்கும்போதே பற்றும். 70ஆவது விநாடி வாக்கில் முதல் நான்கும், 92 வாக்கில் மற்ற இரண்டும் கழன்று விழும். 110ஆவது விநாடியை ஒட்டி முதல் கட்டமே கழன்றுகொள்ளும். அந்த நொடியைத் தவறவிடாதீர்கள். அதுவரை கொழுந்துவிட்ட சுடர் சட்டென்று மங்கும், வெண்புகைக் கோடு கத்தரித்தாற்போல் நின்றுவிடும். ராக்கெட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பக்கத்து மாடியில் யாராவது பதறினால் தைரியமாகச் சொல்லலாம், ஒன்றும் ஆகவில்லை. திட எரிபொருளில் அலுமினியத் தூள் கலந்திருக்கிறது. அது எரிந்து ஆக்சைடுத் துகள்களாக வெளியேறுவதால்தான் அந்தப் பளீர் ஒளியும் வெண்புகையும். இரண்டாம் கட்டம் திரவ எரிபொருளில் இயங்குவது. அதில் அலுமினியம் இல்லை.

2023 ஜூலை 14 பிற்பகல் 2:35க்குச் சந்திரயான்-3ஐச் சுமந்து கிளம்பிய எல்.வி.எம்.3இல் இதே மாற்றம் 127ஆவது விநாடியில் நடந்தது. இரு பக்கமும் இருந்த பெரிய திட மோட்டார்கள் சுமார் 62 கிலோமீட்டர் உயரத்தில் கழன்றன. வானம் தெளிவாக இருந்தால் நல்ல பைனாகுலரில் இரண்டு புள்ளிகள் பிரிந்து பின்தங்குவதைப் பார்க்க முடியும். காலை நேர ஏவுதல் என்றால் மட்டும் கவனம் தேவை: ராக்கெட் போவது சூரியன் இருக்கும் கிழக்குப் பக்கம். பைனாகுலர் ஒரு கணம் சூரியனைத் தொட்டாலும் கண் போய்விடும்.

ராக்கெட் போன பிறகும் கீழே இறங்கிவிடாதீர்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதற்கப்புறம் வருவதுதான். நேராக நின்ற புகைக்கோடு சில நிமிடங்களில் கோணல்மாணலாக முறுக்கிக்கொள்ளும். ஒவ்வோர் உயரத்திலும் காற்று வெவ்வேறு திசையில், வெவ்வேறு வேகத்தில் வீசுகிறது என்பதைக் கண்ணால் காண இதைவிட நல்ல வழி கிடையாது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கீழே மேற்குக் காற்று அடிக்கும்போது, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து ஒரு வேகக் காற்றோட்டம் பாயும். இந்திய வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம் 1958இல் விவரித்தது அதைத்தான். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புகையின் மேற்பகுதி நம் பக்கமாக, மேற்கே சாய்வதைக் கவனியுங்கள்.

அழகென்று பார்த்தால் விடியலுக்குச் சற்று முன் நடக்கும் ஏவுதலுக்கு ஈடில்லை. ஸ்ரீஹரிகோட்டாவின் 100ஆவது ஏவுதல் அப்படிப்பட்டது: ஜி.எஸ்.எல்.வி. எஃப்-15, 2025 ஜனவரி 29, காலை 6:23. தரையில் சூரியன் இன்னும் எழவில்லை. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் மேலே வெயில் வந்துவிட்டது. மங்கலான வானத்தில், அந்த வெயில் பட்ட புகை மட்டும் ஒளிரும்.

போகும் பாதையை வைத்தே பெரும்பாலும் ராக்கெட்டை அடையாளம் காணலாம். எல்.வி.எம்.3 பெரும்பாலும் கிழக்கே கடலுக்குள் விலகிப் போகும். துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. தென்கிழக்கே கிளம்பி, நம் பார்வையில் வலப்புறமாக வளைந்து வரும். நேர் தெற்கே போனால் கழன்ற பாகங்கள் இலங்கை மேல் விழக்கூடும். அதனால் தீவைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. இந்தச் சுற்றுக்கு எரிபொருள் செலவாகிறது, சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது இதனால்தான். சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. அங்கிருந்து நேர் தெற்கே பறக்கலாம். அப்போது திருச்செந்தூர், உடன்குடி மாடிகளில் நிற்பவர்களுக்கும் விநாடி எண்ணும் வேலை வந்துவிடும். பெரிய ராக்கெட்டுகள் தொடர்ந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் கிளம்பும்.