கடலோரத்துல இருந்தும் அயோடின் குறையுமா? வாலிநோக்கம் உப்பு சொல்லும் கணக்கு!

ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கம் பக்கம் போனால் பாத்தி பாத்தியாக உப்பு காயும். தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் இங்கேதான் இருக்கு. 2014-ல் வந்த ‘அம்மா உப்பு’ ஞாபகம் இருக்கா? அதைக் கொண்டுவந்தது இந்தக் கழகம்தான். ‘கடல்ல இருந்து நேரா வர்ற உப்புதானே, அயோடின் தானாவே இருக்கும்’ என்று பலரும் நினைக்கிறார்கள். இருக்காது. பாக்கெட்டில் இருக்கும் அயோடின், பிறகு சேர்த்தது.

கணக்கு ரொம்ப சிம்பிள். 1 லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம் மட்டுமே. அத்தனையும் உப்போடு ஒட்டிக்கொண்டாலும், 1 கிராம் உப்பில் 2 மைக்ரோகிராம்கூடத் தேறாது. அதுவும் மிஞ்சுவதில்லை. உப்பு படிந்ததும், கசப்பு ஏறாமலிருக்க மிச்ச நீரை வடித்துவிடுவார்கள். அயோடினில் பெரும்பகுதி அதோடு போய்விடும். ஆனால் பெரியவர்களுக்குத் தினமும் 150, கர்ப்பிணிகளுக்கு 250 மைக்ரோகிராம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்போ கடலின் அயோடின் எங்கே? மீனில் ஓரளவு இருக்கு. கடல்பாசியில் எக்கச்சக்கம். பாம்பன், ராமேஸ்வரம் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி எடுக்கிறார்களே, அந்தப் பாசிதான். ஆனால் அது நம்ம தட்டுக்கு வராது, அகர் அகர் ஆலைக்குப் போய்விடும்.

அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோன் சுரக்காது. குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரலாம். அதைவிடப் பெரிய கவலை, வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி. 1956-ல் இமாச்சலின் காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி.ராமலிங்கசுவாமி குழு தொடங்கிய ஆய்வில், அயோடின் உப்பு கொடுத்த பகுதிகளில் கழலை குறைந்தது. 1962-ல் தேசியத் திட்டமே வந்தது.

இப்போ நிலைமை? 2018-19 இந்திய அயோடின் சர்வேயில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் ஜம்மு காஷ்மீரில் 99.8%. உப்பு விளையும் தமிழ்நாட்டில் 61.9%, நாட்டிலேயே கடைசி! உப்பளம் பக்கத்திலேயே இருப்பதால், மூட்டையில் வரும் சாதா கல் உப்பு ஈஸியாக அடுப்படிக்கு வந்துவிடுகிறது.

சரி, என்ன செய்யலாம்? கல் உப்பை விட வேண்டியதில்லை. அயோடின் சேர்த்த கல் உப்பும் கிடைக்குது, பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. ஜிம் நண்பர் சிபாரிசு செய்யும் இந்துப்பிலும், தனியாகச் சேர்க்காவிட்டால் போதிய அயோடின் கிடையாது. கடைக்கு வரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்கணும் என்பது விதி. அதற்காக உப்பை அள்ளிப் போடக்கூடாது, நாளைக்கு 5 கிராமுக்குள்தான். மீதிக்கு முட்டை, பால், மீன் இருக்கவே இருக்கு. ஈரமும் சூடும் பட்டால் அயோடின் குறையும். அதனால் அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்காமல் மூடி போட்ட டப்பாவில் வையுங்க. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் உப்பை மாற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.